ஊர் குரூப்புல கலாய்க்கிறது எப்படி, கலாய் வாங்குறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கண்டனூர்னு நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துல எந்த ஊர எடுத்தாலும் இப்ப அந்த ஊர் பேருல ஒரு வாட்ஸ்அப் குரூப்பு ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஊர்லயே இருக்கறவுக கொஞ்சப் பேரு, சென்னை கோயமுத்தூர்ல தங்கிட்டவுக கொஞ்சப் பேரு, சிங்கப்பூர் மலேசியா அமெரிக்கான்னு போனவுக மிச்சப் பேரு. அதுல வர்றதெல்லாம் பாதி குட்மார்னிங், பாதி இரங்கல் செய்தின்னு ஆயிடுச்சுன்னா ஆளாளுக்கு மியூட்ல போட்டுட்டு தெறந்தே பாக்க மாட்டாக. ஒரு குரூப்ப உசுரோட வச்சிருக்கறது வெட்டி அரட்டையும் கலாயும்தான்னு நான் ரொம்ப உறுதியா நம்புறேன். அதே கலாய் எசகுபிசகாப் போச்சுன்னா பல வருஷப் பழக்கம் ஒத்த ஸ்டிக்கர்ல முறிஞ்சு போயிருது. முன்னாடியாச்சும் ஒருத்தர் கோச்சுக்கிட்டு வெளிய போனா எல்லாருக்கும் தெரியும், யாராச்சும் போன் போட்டு சமாதானம் பண்ணுவாக. 2022க்கு அப்புறம் வெளிய போறது அட்மினுக்கு மட்டும்தான் காட்டும், மத்தவுகளுக்கு அறிவிப்பு வராது, தேடிப் பாத்தாத்தான் தெரியும். அதனாலதான் இத ஒழுங்காப் பண்ணத் தெரிஞ்சுக்கணும்.

மொதல்ல முறை. நம்ம ஊர்ப்பக்கம் கேலிக்கு எப்பவும் ஒரு கணக்கு இருக்கு. மாமன் மச்சான், அயித்தை மகன், கொழுந்தன், கொழுந்தியான்னா எவ்வளவு வேணாலும் ஓட்டலாம், கல்யாண வீட்டுல மாப்ளைய விடிய விடிய வச்சு செய்யலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாக. சம்பந்திகிட்டயோ பெரியப்பா முறை உள்ளவுககிட்டயோ அப்படி வாய் விட முடியாது. குரூப்புலயும் இதேதான், ஆனா இங்க கணக்கு ரெண்டு தடவ போடணும். நீங்க ஓட்டுற ஆளு உங்களுக்கு மச்சானா இருக்கலாம், அத பாத்துக்கிட்டு இருக்கற நானூறு பேருல அவரோட மருமகன் இருப்பாரு, சம்பந்தி இருப்பாரு, அவர்கிட்ட வேலை பாக்குற பையன் இருப்பான். ஒரு வாட்ஸ்அப் குரூப்புல 1024 பேரு வரைக்கும் சேக்கலாம், நம்ம ஊர் குரூப்பு சிலது அத நெருங்கிக்கிட்டு இருக்கு. குரூப்புங்கறது வீட்டு முகப்பு மாதிரி, தெருவுல போறவுக காதுலயும் விழும், தனி சாட்டுதான் வளவு, அதாவது வீட்டு உள்கட்டு. வளவுல பேச வேண்டியத முகப்புல உக்காந்து பேசினா எவ்வளவு நெருங்குன மச்சானா இருந்தாலும் மூஞ்சி சுருங்கத்தான் செய்யும். அவரோட கடன், உடம்பு, பிள்ளையோட மார்க்கு, கல்யாணம் தள்ளிப் போறது, வழுக்கை, இதெல்லாம் தனி சாட்டுலயும் நான் தொட மாட்டேன், குரூப்புல நிச்சயமா கூடாது.

புதுசா ஒரு குரூப்புல சேந்தா ஒடனே குதிச்சுராதிய. ஒரு வாரம் பத்து நாள் சும்மா படிங்க. யாரு யார ஓட்டுறாக, யாரு ஓட்டினா சிரிக்கிறாக, யாரு ஒத்த வார்த்தையில பதில் சொல்லிட்டு ஒதுங்கிப் போறாகன்னு பாருங்க. பழைய ஜோக்கு எதெல்லாம் ஓடிக்கிட்டு இருக்குன்னு பாருங்க. உதாரணத்துக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு குரூப்புல யாரு என்ன மரச்சாமான் போட்டோ போட்டாலும், அது பிளாஸ்டிக் ஸ்டூலா இருந்தாக்கூட, கீழ ஒருத்தர் "பர்மா தேக்கா அண்ணே?"ன்னு கேட்டுருவாரு, அதுக்கப்புறம் அடுத்தவர் "ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தது"ம்பாரு, மூணாவது ஆளு "எங்க ஐயா காலத்துது"ன்னு முடிப்பாரு. வெளியாளுக்கு இதுல ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கறவுகளுக்கு அது பர்மாவுக்குத் தொழிலுக்குப் போய் அங்கேருந்து தேக்கு கொண்டாந்து வீடு கட்டுன நம்ம தாத்தாக்களப் பத்தின ஜோக்கு, யாரையும் தனியா குத்தல, எல்லாரும் ஒண்ணா சேந்து சிரிக்கிறோம். இந்த மாதிரி ஒரு தொடர் ஜோக்கு கெடச்ச குரூப்பு கொடுத்து வச்ச குரூப்பு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அத புரிய வைக்க நேசமணி கதைய விட்டா வேற நல்ல உதாரணம் இல்ல. 2019 மே மாசக் கடைசியில ஃபேஸ்புக்ல சிவில் இன்ஜினியரிங் சம்பந்தப்பட்ட ஒரு பேஜ்ல சுத்தியல் படத்த போட்டு, உங்க நாட்டுல இதுக்குப் பேரு என்னன்னு கேட்டிருந்தாக. நம்ம தமிழ் ஆளு ஒருத்தரு இதுக்குப் பேரு சுத்தியல், இதாலதான் ஜமீன் பங்களாவுல நேசமணி தலை ஒடஞ்சதுன்னு ரொம்ப சீரியஸா எழுதிட்டாரு. 2001ல வந்த படத்துல வடிவேலு பண்ணுன காண்ட்ராக்டர் பாத்திரம் அது. இன்னொரு தமிழ் ஆளு வந்து அய்யய்யோ இப்ப அவரு எப்படி இருக்காருன்னு கேட்டாரு. அம்புட்டுதான், நேசமணிக்காக வேண்டிக்கங்கன்னு ஹேஷ்டேக் போட்டு டிவிட்டர்ல உலக அளவுல டிரெண்ட் ஆயிடுச்சு, அது மத்திய அரசு பதவியேற்கற நேரம் வேற, வடநாட்டு ஆளுக எல்லாம் யாரு இந்த நேசமணின்னு நெசமாவே கேக்க ஆரம்பிச்சுட்டாக.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டாவதா வந்த ஆளு. மொதல் ஆளு ஒரு பந்தப் போட்டாரு, ரெண்டாவது ஆளு "அது படம்ங்க, உண்மை இல்ல"ன்னு திருத்தியிருந்தா அங்கயே செத்துருக்கும். அவரு அத நம்பின மாதிரி ஒரு வரி சேத்தாரு. அடுத்தவன் ஆஸ்பத்திரி அறிக்கை விட்டான், அடுத்தவன் சுத்தியலப் போட்ட ஆள கைது பண்ணச் சொன்னான். குரூப்பு கலாய்ல பாதி வேலை இதுதான், ஒருத்தர் போட்டத வாங்கி இன்னும் ஒரு படி ஏத்தி அடுத்தவருக்குக் கொடுக்கறது. நீங்க புதுசா ஒரு பெரிய ஜோக்கு சொல்லணும்னு அவசியமே இல்ல. ஒரு அண்ணன் "நாளைக்கு பல்லவன்ல வர்றேன்"னு போட்டா, "ஸ்டேஷனுக்கு மேளம் சொல்லியாச்சு அண்ணே"ன்னு ஒண்ணு, "பேனர் அச்சாகிக்கிட்டு இருக்கு, எந்த போட்டோ போடணும்"னு ஒண்ணு, "ஆச்சி பணியாரத்துக்கு அரிசி ஊறப் போட்டாச்சான்னு கேக்கச் சொன்னாக"ன்னு ஒண்ணு. வர்ற ஆளுக்கு ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே மனசு குளுந்து போயிரும். நேசமணி விஷயத்துல இன்னொரு அழகு, அதுல அடிபட்டவர் ஒரு கற்பனை மனுஷன், ஒருத்தர் மனசும் நோகல. நல்ல கலாய்க்கு அதுதான் என்னோட அளவுகோல்.

அடுத்தது முகம் தெரியாத பிரச்சனை. நேர்ல பேசுறப்ப கண்ணுல சிரிப்பு இருக்கும், குரல்ல ஒரு இழுப்பு இருக்கும், எழுத்துல அதெல்லாம் வராது. இது இன்னிக்கு வந்த பிரச்சனையும் இல்ல. 1982ல அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் பலகையில லிஃப்ட்டுல பாதரசம் கொட்டுறதப் பத்தி விளையாட்டா எழுதினத சில பேரு நெசம் எச்சரிக்கைன்னு எடுத்துக்கிட்டாக. அதுக்கப்புறம்தான் ஸ்காட் ஃபால்மன்ங்கற பேராசிரியர் அந்த வருஷம் செப்டம்பர் 19ஆம் தேதி, விளையாட்டுன்னா முக்காப்புள்ளி, சின்னக் கோடு, அடைப்புக்குறி போட்டு ஒரு சிரிச்ச மூஞ்சி வைப்போம்னு சொன்னாரு. இன்னிக்கு நம்ம போடுற சிரிப்பு எமோஜிக்கெல்லாம் முன்னோடி அதுதான். நம்ம தமிழ் பிளாக் ஆளுகளும் 2004ல தமிழ் பிளாக்குகள ஒரே எடத்துல திரட்டிக் காட்டுற தமிழ்மணம் தளம் வந்த பிறகு பின்னூட்டத்துல கும்மியடிச்ச காலத்துல இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாக, கடைசியில டிஸ்கின்னு ஒண்ணப் போட்டு இது யாரையும் குறிச்சு எழுதல, உள்குத்து எதுவும் இல்லன்னு சொல்லிருவாக.

அந்த ஆளுகள்ல நெறையப் பேருக்கு இப்ப நாப்பத்தஞ்சு அம்பது வயசு, உங்க ஊர் குரூப்புலயும் இருப்பாக. ஆபீஸ் வேலைய "ஆணி அதிகம்"பாக, யாராச்சும் சொன்னத ஆமோதிக்க "ரிப்பீட்டேய்"ம்பாக, மொத ஆளா வந்தா "மீ த பர்ஸ்ட்டு"ம்பாக, அழுகைக்கு "அவ்வ்வ்வ்"னு போடுவாக. சின்னப் பசங்க இதப் பாத்து பூமர், கிரிஞ்சுன்னு ஸ்டிக்கர் போடுறத நிறுத்துங்கப்பா. இணையத்துல தமிழ்ல கலாய்க்கிறதுக்கு பாதை போட்டவுக அவுகதான். போன்ல தமிழ் டைப்பிங் வராத காலத்துல கம்ப்யூட்டர்ல எழுத்துரு எறக்கி, கீபோர்டு பழகி, அவ்வளவு மெனக்கெட்டு வந்து மொக்கை போட்டிருக்காக. ஒரு தடவை அவுக பாஷையிலயே "ரிப்பீட்டேய் அண்ணே"ன்னு போட்டுப் பாருங்க, எவ்வளவு சந்தோஷப்படுவாகன்னு தெரியும்.

அப்ப எழுத்துல எப்படி காட்டுறது? பெரியவுகள ஓட்டுனா மரியாதைய வாக்கியத்துக்குள்ளயே வைங்க, அண்ணே, ஆச்சி, மாமான்னு கூப்பிட்டு ஆரம்பிங்க. "என்ன பேசுறிய மாமா, நீங்க இல்லாம பந்தி ஆரம்பிக்குமா"ங்கறதும் வெறுமன "பந்திக்கு முந்தி"ங்கறதும் ஒண்ணு இல்ல. சிரிப்பு எமோஜி ஒண்ணு போதும், எட்டு போட்டா எளக்காரமாப் படும். அந்த கட்டை விரல் மட்டும் தனியா போடுறத தவிருங்க, பெரியவுகளுக்கு அது சரிங்கற அர்த்தம், சின்னதுகளுக்கு அது "போதும் பேச்ச நிறுத்து"ங்கற மாதிரி, ரெண்டு பக்கமும் தப்பாப் புரிஞ்சுக்கும். யாரு தமிழ் எழுத்துல எழுதுறாகளோ அவுகளுக்கு தமிழ்லயே பதில் போடுங்க, மலேசியாவுல பொறந்து வளந்து தமிழ் படிக்கத் தெரியாத தம்பி இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சா அவனுக்கு அப்படியே போடுங்க, இல்லாட்டி வாய்ஸ் நோட்டு அனுப்புங்க. எனக்குக் கேட்டா வாய்ஸ் நோட்டு கலாய்க்கு இணையே கெடையாது, "அட இவன் பாருங்கத்தா"ன்னு ஒரு ஆச்சி சிரிச்சுக்கிட்டே திட்டுற முப்பது செகண்டு, எந்த மீமும் கிட்ட வர முடியாது. மூணு நிமிஷம் பேசாதிய, அம்புட்டுதான்.

என்ன விஷயத்த வச்சு ஓட்டலாம்னு கேட்டா நம்ம பக்கத்துல பஞ்சமே இல்ல. சாப்பாடு மொதல்ல. எந்த ஊர் ஓட்டல்லயாச்சும் செவப்புக் கலரப் போட்டு மொளகாய அள்ளிக் கொட்டி செட்டிநாடு சிக்கன்னு பேரு வச்சிருந்தா அத போட்டோ எடுத்து குரூப்புல போடுங்க, அன்னிக்குப் பூரா ஓடும். ஒருத்தர் கல்பாசி மராட்டி மொக்கு இல்லாமயான்னு வருவாக, ஒரு ஆச்சி உப்புக்கறி எப்படி வைக்கணும்னு முழுசா எழுதிருவாக. வெண்டைக்கா மண்டிக்கு அரிசி கழுவுன தண்ணி மொதத் தண்ணியா ரெண்டாந் தண்ணியான்னு ஒரு கேள்வியப் போட்டா ரெண்டு கட்சி பிரிஞ்சு சாயங்காலம் வரைக்கும் மோதிக்கும், நடுவுல நெசமாவே சமையலும் கத்துக்கலாம். வெள்ளைப் பணியாரத்துக்கு காரச் சட்னியா வேறயான்னு ஓட்டெடுப்பு போட்டுப் பாருங்க, ஓட்டு குத்துற வசதி குரூப்புக்குள்ளயே இருக்கு.

ஊருக்கு ஊர் சீண்டல் அதுக்கு அடுத்தது. 2024ல காரைக்குடி மாநகராட்சி ஆனதுல இருந்து தேவகோட்டை மச்சான்மாருக்கு பேச ஒரு விஷயம் கெடச்சுருச்சு.

"நாங்க மாநகராட்சி மாப்ளே, பாத்துப் பேசு."

"அப்படியா மச்சான், தேன்குழலுக்கும் இனி வரி போடுவியளா?"

"உங்க ஊருக்கு மட்டும் ரெண்டு மடங்கு."

"அப்ப பொண்ணு கேட்டு இங்கிட்டு வராதிய."

இதுல யாரும் தோக்கல, யாருக்கும் கோவமும் இல்ல. ஊர வச்சு ஓட்டுறது பாதுகாப்பானதுக்குக் காரணம் ரெண்டு பக்கமும் திருப்பி அடிக்க சரக்கு இருக்கு. திருப்பி அடிக்க முடியாத ஆள அடிக்கிறது கலாய் இல்ல, அத எந்த எமோஜி போட்டாலும் மறைக்க முடியாது. இதே காரணத்துக்காக சாதி, சாமி, யாரு வீடு இடிஞ்சு கெடக்கு யாரு வீடு வித்துட்டாகங்கற பேச்சு, இது எதையும் ஓட்டுற பொருளாக்காதிய. ஊர் குரூப்புன்னா நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியாருக) மட்டும் இல்ல, எல்லாச் சனமும் இருக்கும், எந்தக் கோயில் என்ன விலாசம்னு விசாரிக்கறதெல்லாம் சொந்தக்காரக குரூப்புல வச்சுக்கங்க. திருக்கார்த்திகைக்கு அப்புறம் பிள்ளையார் நோன்பு அன்னிக்கு வெளிநாட்டுல இருக்கறவுக இழை (நூல்திரி வச்ச மாவு) எடுத்த போட்டோ போடுவாக, அன்னிக்கு ஒரு நாள் வாழ்த்து சொல்லிட்டுப் பேசாம இருங்க, அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு விடாமப் பண்றாகளே, அது பெரிய விஷயம்.

ஸ்டிக்கர் பத்தி கண்டிப்பா சொல்லணும். இப்ப வாட்ஸ்அப்புக்குள்ளயே எந்த போட்டோவையும் வெட்டி ஸ்டிக்கராக்கிரலாம். குரூப்புல இருக்கற ஆளு மூஞ்சிய ஸ்டிக்கராக்கறதுக்கு முன்னாடி அவருக்குத் தனியா அனுப்பி, அண்ணே இது போடலாமான்னு கேளுங்க. சிரிச்சுட்டு போடுப்பான்னா அவரே அடுத்த நாள் அத உபயோகிப்பாரு, அதவிட சந்தோஷம் கெடையாது. பதில் வரலைன்னா அழிச்சுருங்க. பொம்பளைப் பிள்ளைக போட்டோ, சின்னப் பிள்ளைக போட்டோ ஸ்டிக்கர் ஆக்கவே கூடாது, யாரு கேட்டாலும் முடியாதுன்னு சொல்லுங்க. அது உங்க குரூப்போட நிக்காது, ஒரு தடவை வெளிய போயிட்டா யாரு போன்ல எங்க கெடக்கும்னு பிடிக்கவே முடியாது.

ஸ்டிக்கர் அழுத்தறதுக்கு முன்னாடி கடைசி பத்து மெசேஜ மேல தள்ளிப் பாருங்க. நீங்க காலையில விட்ட இடத்துல இருந்து படிச்சுட்டு பதில் போடுறீங்க, நடுவுல யாரோ ஒருத்தர் சிவபதவி அடைஞ்ச செய்தி வந்திருக்கும், அதுக்கு நேர் கீழ உங்க வடிவேலு ஸ்டிக்கர் போய் நிக்கும். அப்படி ஆயிடுச்சுன்னா ஒடனே எல்லாருக்கும் அழிக்கிறதப் போட்டு, ஒத்த வரியில மன்னிப்பும் அஞ்சலியும் எழுதிருங்க. வார்த்தை தப்பாப் போச்சுன்னா 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், முழுசா எடுக்கணும்னா ரெண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல டயம் இருக்கு. அட்மினா இருந்தா அடுத்தவுக மெசேஜையும் எடுக்கலாம். சாவுச் செய்தி வந்தா அன்னிக்குப் பூரா ஜோக்கு வேணாம், மறுநாள் காலையில யாராச்சும் பெரியவுக வேற பேச்ச ஆரம்பிச்ச பிறகு பாத்துக்கலாம்.

இப்ப பார்வர்டு. உருட்டு வந்தா கலாய்ச்சு நிறுத்தறது ஒரு நல்ல வழி, ஆனா எல்லா உருட்டுக்கும் அது செல்லாது. வெந்தயத்த ஊறவச்சுக் குடிச்சா எல்லா வியாதியும் போகும்னு வந்தா, "மாமா நீங்க மொதல்ல குடிச்சுட்டு சொல்லுங்க, நாங்க பின்னாடி வர்றோம்"னு போட்டா போதும், அவரும் சிரிப்பாரு. பிள்ளை கடத்துறவன் சுத்துறான்னு வந்தா அங்க சிரிக்காதிய. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்த பிள்ளை கடத்த வந்தவுகன்னு நெனச்சு ஊரே அடிச்சு, ஒரு வயசான அம்மா செத்தே போனாக. இந்த மாதிரி சாவுக நாடு பூரா நடந்த பிறகுதான் அந்த வருஷம் இந்தியாவுல ஒரு மெசேஜ ஒரே தடவையில அஞ்சு சாட்டுக்கு மேல பார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டுச்சு, 2020ல இருந்து பல கை மாறி வந்ததுன்னா ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ரெட்டை அம்புக்குறி போட்டு வர்றது அந்த மாதிரி சுத்தி வந்த சரக்கு. அத பாத்தா நேரா, மரியாதையா, இது உறுதியில்லாத செய்தி, எடுத்துருங்க அண்ணேன்னு எழுதுங்க. அனுப்புனவரு பெரியவுகன்னா தனி சாட்டுல சொல்லுங்க, அவரே எடுக்கட்டும்.

கலாய் வாங்குறதும் ஒரு கலை, இத யாரும் சொல்லித் தர்றதில்ல. உங்கள ஓட்டுனா மொத அஞ்சு நிமிஷம் பதில் போடாதிய, ரெண்டு மூணு பேரு சிரிச்சு முடிக்கட்டும், அப்புறம் அவுக சொன்னதுக்கு மேல ஒரு படி நீங்களே ஏத்தி விடுங்க. உங்க தொப்பையப் பத்தி சொன்னா "ஆத்தங்குடி தரைக்கல் மாதிரி கையால செஞ்சது தம்பி, மெஷின்ல வராது"ன்னு போட்டுட்டுப் போங்க, அப்புறம் எவன் வாயத் தெறப்பான். நெசமாவே வலிச்சுச்சுன்னா குரூப்புல சண்டை போடாம, போட்ட ஆளுக்கு போன் பண்ணுங்க, மெசேஜ் இல்ல, போன். "மாப்ளே அது எனக்கு கஷ்டமா இருந்துச்சு"ன்னு நேரா சொன்னா நம்ம ஊரு ஆளுகள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேரு ஒடனே எறங்கி வந்துருவாக. எறங்கலைன்னா அட்மின்கிட்ட சொல்லுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

சண்டை ஆரம்பிக்கற வாசனை வந்தா, அதாவது ஒருத்தர் பெரிய பத்தியா எழுத ஆரம்பிச்சா, இல்ல பழைய ஸ்கிரீன்ஷாட்ட எடுத்து வந்தா, கூட இருக்கறவுக எண்ணெய் ஊத்தாம பேச்ச மாத்தணும். சாப்பாட்டு போட்டோ ஒண்ணு போதும், கந்தரப்பம் போட்டோ ஒண்ணு எப்பவும் போன்ல வச்சிருங்க. அட்மினும் பொதுவுல யாரையும் திட்டாம, ரெண்டு பேருக்கும் தனித்தனியா பேசிட்டு, ராத்திரி அட்மின் மட்டும் எழுதற மாதிரி குரூப்ப பூட்டிட்டு காலையில தெறந்து விடலாம். சிங்கப்பூர் ஆளுகளுக்குக் கடிகாரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும், அவுககிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிருங்க, இல்லாட்டி குரூப்பு பூட்டியிருக்கேன்னு உங்களுக்குத்தான் விடியக்காலம் போன் வரும்.

புதுசா யாராச்சும் சேந்தா, அதுவும் கல்யாணம் ஆகி நம்ம ஊருக்கு வந்த மருமகளோ மருமகனோன்னா, மொத வாரம் அவுகள ஓட்டாதிய. எந்த ஊரு, என்ன சமைப்பாகன்னு ரெண்டு கேள்வி கேளுங்க, அந்த பர்மா தேக்கு ஜோக்கு மாதிரி ஓடுறது எதுவா இருந்தாலும் இன்னதுக்கு இப்படி சிரிக்கிறோம்னு தனியா ஒருத்தர் வெளக்கிச் சொல்லுங்க. அவுக தானா ஒரு பந்தப் போடுறப்ப எல்லாரும் சேந்து வாங்கி மேல ஏத்துங்க.